ஈயமும் இருப்புப்பாதையும்

ஒரு நாடு ஓராண்டில் விளைவித்த பொருள்களுள், உண்டு உடுத்துத் தீர்த்தவை போக, பின்னும் பொருள் விளைவிக்கும் கருவியாகவும் கட்டடமாகவும் பாதையாகவும் மாறிய பகுதியே மூலதன ஆக்கம் எனப்படும். விதைநெல்லை எடுத்து வைக்கும் உழவனுக்கு இது புதிதன்று. ஆயினும் சுரங்கத் தொழிலில் இக்கணக்கு சற்றுச் சிக்கலானது. வயல் மறுபோகம் தரும். ஈய லம்பம் தராது.

ஈயம் வாரும் கப்பலொன்றை ஒரு நிறுவனம் கட்டினால் அச்செலவு மூலதன ஆக்கத்தில் சேரும். மண்ணிலிருந்து குறைந்துபோன ஈயத்தையோ மொத்த உற்பத்திக் கணக்கு கழிப்பதில்லை. இலாபத்தில் பெரும்பகுதி இலண்டன் பங்குதாரரிடம் சென்றுவிட்டால், வெட்டிய நாட்டில் எஞ்சுவது குளந்தான். அவ்வாறாயின் எஞ்சிய செல்வம் யாது? மலாயாவைப் பொறுத்தவரை, ஏற்றுமதித் தீர்வை வழியாக அரசின் கைக்கு வந்து, பாதையாக மாறியதே அது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேராக், சிலாங்கூர் அரசுகளின் வருவாயில் ஈயத் தீர்வையே தலையாயது. மாட்டு வண்டியிலும் படகிலும் யானை மீதும் சென்ற ஈயத்திற்காக, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 8 மைல் இருப்புப்பாதை 1885இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் இணைக்கப்பட்டது. 1909க்குள் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை தடம் நீண்டது. வியப்பு என்னவெனில், இவற்றுள் பெரும்பகுதி வெளிக்கடனால் அன்று, அரசின் வருவாய் மிச்சத்தாலேயே போடப்பட்டது.

ஈயத்திற்கென்று போட்ட தடத்தின் இருமருங்கும் பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பாதை முன்னமே இருந்தமையால் தோட்டக்காரன் அதற்கெனத் தனி முதல் போட வேண்டியதில்லை. அரசு இட்ட ஒரு முதல் தனியார் முதலையும் இழுத்து வரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஆனால் குறையும் உண்டு. ஈயம் இருந்த மேற்குக் கரைக்கே தடம் முந்தியது; கிழக்குக் கரைத் தடம் 1931இல்தான் முற்றுப்பெற்றது. அவ்வேற்றத்தாழ்வின் சுவடு இன்னும் மறையவில்லை.

பணக் கணக்கில் மற்றொன்றும் விடுபடுகிறது. முதல் தடத்தை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வந்தனர். பின்னர்த் தண்டவாளப் பராமரிப்பில் தென்னிந்தியத் தமிழரும், நிலைய அலுவல்களில் யாழ்ப்பாணத் தமிழரும் பெருவாரியாக உழைத்தனர். ஏட்டில் எழுதிய முதலில் இவர்தம் உழைப்பு கூலிச் செலவாக மட்டுமே தெரியும்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் நிதி வற்றி விலை சரிந்தது. லம்பங்கள் பல மூடப்பட்டன. 1938இல் கட்டப்பட்ட கப்பலொன்று தஞ்சோங் துவாலாங் அருகே காட்சிப்பொருளாக நிற்கிறது. மேற்குக் கரைத் தடத்திலோ இன்று மின்தொடர் ஓடுகிறது. போர்ட் வெல்ட் கிளைத்தடம் மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது. கோல செப்பெத்தாங் என்று பெயர் மாறிய அவ்வூரில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை உள்ளது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.