உரித்தால் போதாது, வேய வேண்டும்

மங்கிப்போன கார் ஹெட்லைட்டில் பற்பசையைப் பூசிப் பழந்துணியால் அழுத்தித் தேய்த்தால் புத்தம் புதுசாகிவிடும் என்று சொல்லும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. காரைக்கால் மாதிரிக் கடலோர ஊர்களில் இவற்றுக்கு மவுசு அதிகம். விளக்கு மஞ்சளாவதற்கு உப்புக்காற்றுதான் காரணம் என்று ஊரே நம்புகிறது. உப்பைத் துடைத்தெறிந்தால் சரியாகிவிடும் என்பது அந்த நம்பிக்கையின் அடுத்த படி. ஆனால் ஒரே வண்டியின் இரண்டு விளக்குகளும் ஒரே காற்றைத்தான் வாங்குகின்றன. அப்படியிருந்தும், நிறுத்துமிடத்தில் தினமும் வெயில் படும் பக்கத்து விளக்கு முந்திக்கொண்டு மஞ்சளாகிறது. காற்றில் பறக்கும் மணலும் தூசும் கீறல் போடும், வெக்கையும் ஈரமும் மேற்பூச்சின் பிடியைத் தளர்த்தும், மறுக்கவில்லை. ஆனால் முதல் குற்றவாளி வெயில். ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கும் காரைக்காலில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கே வந்துவிடுகிறது. திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டுத் திரும்புபவர்கள், விளக்கு விஷயத்தில் அவருடைய தந்தை சூரியனிடம்தான் முறையிட வேண்டும்.

இன்றைய ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடியல்ல, பாலிகார்பனேட். சுத்தியலால் அடித்தாலும் எளிதில் சிதறாத இந்தப் பிளாஸ்டிக், புற ஊதாக் கதிருக்கு முன் பலவீனமானது. கதிர் பட்ட இடத்தில் மூலக்கூறுப் பிணைப்புகள் அறுந்து இடம் மாறுகின்றன; ஆக்சிஜன் வந்து சேர்கிறது; மஞ்சள் நிறச் சேர்மங்கள் உண்டாகின்றன. சுவாரசியம் இனிமேல்தான். பாலிகார்பனேட் புற ஊதாவை வெகு ஆவலாக விழுங்கும். அதன் சிதைவில் பிறக்கும் சேர்மங்களும் விழுங்கும். அதனால் மேல்தோல் கெட்டுப்போகிற வேகத்திலேயே உள்ளே இருக்கும் பகுதிக்கு நிழலாகவும் மாறிவிடுகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள முகப்பில் கெட்டுப்போனது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தேய்த்தால் தெளிவதற்கு இதுதான் காரணம், பற்பசையின் மகிமை அல்ல.

டெல்டாவின் கீற்றுக் கூரையைப் பாருங்கள். மேல் வரிசைக் கீற்று வெயிலில் காய்ந்து கறுத்து மட்கினாலும், அடியில் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்கிறது. கறுத்த வரிசையை உருவிப் போட்டால் கீழே பளிச்சென்று நல்ல கீற்று தெரியும், கூரை மாற்றியது போலவே இருக்கும். ஆனால் வேய்ந்தது ஒன்றுமில்லை, உரித்தது மட்டும்தான். அடுத்த வெயில் நேராக நல்ல கீற்றில் இறங்கும். பற்பசையும் இதையேதான் செய்கிறது: அதிலுள்ள சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் துகள்கள் மஞ்சள் தோலைச் சுரண்டுகின்றன. கூடவே, தொழிற்சாலையில் பூசிய புற ஊதாத் தடுப்புப் பூச்சில் மிச்சம் மீதி இருப்பதும் போகிறது. அம்மணமான பாலிகார்பனேட் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி மஞ்சளாகும், இம்முறை முன்பைவிட விரைவாக. விளக்குக் கூட்டுக்குள் ஈரம் புகுந்து உட்பக்கம் பனித்திருந்தால் அது கூரைக்குள் குடியிருக்கும் எலி மாதிரி. மேலே எத்தனை உரித்தாலும் கிளம்பாது. இதற்கு மேல் இழுத்தால் உவமை ஒழுகும்.

மற்ற வீட்டுப் பொருள்களின் கதை இன்னும் மோசம். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைத்துப் பொங்குவது கண்ணுக்கு விருந்து. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, கரையாமல் மிஞ்சும் சோடாத் துகளின் உராய்வுதான் கொஞ்சம் வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெய் கீறல்களை நிரப்பி ஒளிச்சிதறலைக் குறைப்பதால் விளக்கு உடனே தெளிகிறது. வெறும் தண்ணீர் ஊற்றினாலும் காயும் வரை அதே தெளிவுதான். கொசு விரட்டித் தைலம், பெட்ரோல், தின்னர் ஆகியவை பிளாஸ்டிக்கையே இளக்கிக் கீறலை மூடி, பிற்பாடு மயிரிழை விரிசல்களை விடக்கூடியவை.

வரலாறு சுருக்கம். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே பாலிகார்பனேட்டை உருவாக்கினார்கள். வண்டி விளக்குக்கு அது பரவலாக வந்தது எண்பதுகளுக்குப் பிறகு. பழைய அம்பாசிடரின் கண்ணாடி விளக்கு மஞ்சளாகவே ஆகாது என்று பெருமூச்சு விடுபவர்கள், அது கனமானது, கல் பட்டால் உடைவது என்பதை மறக்கிறார்கள். பிரான்சே 1936இல் சட்டம் போட்டு 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கியதே, மஞ்சளில் என்ன குறை என்று 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் ஒருவர் கேட்கலாம். அது தெளிவான மஞ்சள். இங்கே நிறத்தோடு புகைமூட்டமும் சேர்கிறது. சாலையில் விழ வேண்டிய ஒளி நாலாபக்கமும் சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது.

புதிய விளக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவாகுமே, பற்பசை மலிவல்லவா என்பது நியாயமான வாதம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் வெளியிட்ட சோதனையில், மங்கிய விளக்குகள் புதியதன் ஒளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டையே தந்தன. முறையாகப் புதுப்பித்தபின் ஏறத்தாழ 70 விழுக்காடு. ஆக, புதுப்பிப்பது வீண் வேலையல்ல. நாகூர் சாலையில் இரவில் ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. முறையாக என்பதற்குப் பெயின்டிங் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 800, 1500, 2000 என்று வரிசையாக வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு தேய்ப்பார்கள். முதலில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும்; அது வெள்ளையானால் கெட்ட தோல் போய்விட்டது என்று பொருள். பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட். இந்தக் கடைசிப் படியே மருந்து, மற்றதெல்லாம் புண்ணைக் கழுவுவது. காணொளிகள் கழுவியதும் முடிந்துவிடுகின்றன, ஆறு மாதம் கழித்து அதே விளக்கைக் காட்டுவதில்லை. ஆகவே கிளியர் கோட் கைக்கு வராதவரை விளக்கைத் தொடாதீர்கள். அரைகுறை வெளிச்சத்தோடு மெதுவாக ஓட்டலாம், அல்லது பட்டறைக்குப் போகலாம். பற்பசையில் சேமித்த பணம் அடுத்த கோடைக்குள் வட்டியோடு திரும்பப் போய்விடும்.