கஞ்சிப்பாசியும் வெண்குருதிக் கலங்களும்

நோன்புக் காலத்திலே மன்னாரில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குச் சென்றால், பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு துண்டாய் வெட்டிய ‘கடற்பாசி’யைத் தட்டில் வைத்து உபசரிப்பார்கள். வாயிலிட்டதும் குளிரும் அப்பண்டத்தைச் சிறுவர்கள் விரும்பி உண்பர். அதனை உறையச் செய்யும் பொருளே நோய்க்கிருமிகளை ஆராயும் ஆய்கூடங்களிலும் இன்றியமையாத இடம் பெற்றிருக்கிறதென்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

மன்னார், கற்பிட்டி, புத்தளம் ஆகிய பகுதிகளின் ஆழமற்ற கடலில் கஞ்சிப்பாசி என்னும் செம்பாசி வளர்கின்றது. மேனாட்டார் இதனை ‘இலங்கைப் பாசி’ என்றே வழங்கினர். நம் நாட்டுக் கடற்பாசிகளைப் பற்றி மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த துரைரத்தினம் என்பார் 1961இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். இத்தகைய செம்பாசிகளை நீரிற் காய்ச்சி வடித்தெடுக்கும் பொருளே அகார் ஆகும்.

அகார் ஆய்கூடத்திற் புகுந்த கதையும் அடுக்களையிலேதான் தொடங்குகிறது. 1881ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் வால்தர் ஹெசே என்ற வைத்தியர் கிருமிகளை ஜெலற்றின் மீது வளர்த்து வந்தார். வெப்பத்தில் அது உருகி ஓடிற்று. அவருடைய மனைவி பன்னி ஹெசே, வீட்டுப் பலகாரங்களுக்குத் தாம் சேர்க்கும் அகாரைப் பயன்படுத்திப் பார்க்கும்படி கூறினார். மறு ஆண்டே, சயரோகக் கிருமியைக் கண்டறிந்த ரொபேட் கொக் தமது அறிக்கையில் அகாரைக் குறிப்பிட்டார்.

அகாரிலே கட்டியாய் உறையும் தூய பகுதிக்கு அகரோசு என்று பெயர். துரைரத்தினத்தின் ஆய்வு வெளியான அதே 1961இல், சுவீடனின் உப்சாலா நகரில் ஸ்டெலன் யெர்ட்டன் என்பவர் புரதங்களைப் பிரித்தறிய அகரோசைப் பயன்படுத்தினார். 1964இல் அதைச் சிறு மணிகளாக்கும் முறையையும் விளக்கினார். ஆய்கூடத்து அகரோசு பெரும்பாலும் கெலிடியம் என்னும் வேறொரு செம்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. எனினும் அது நம் கஞ்சிப்பாசியின் உறவே.

இம்மணிகள் நோயாராய்ச்சிக்கு எவ்வாறு உதவுகின்றன? நுரையீரலில் தடித்த சளி தேங்கும் பிறவி நோயொன்று உண்டு. சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பர். அந்நோயுற்ற குழந்தைகளின் நுரையீரலில் சூடோமோனாசு என்னும் கிருமி ஆண்டுக்கணக்கிற் குடிகொள்ளும். அதனை ஆராய எலியின் நுரையீரலில் வெறுங் கிருமியைச் செலுத்தினால், உடல் அதனை விரைவில் அகற்றிவிடும். ஆராய்ச்சி நிறைவேறாது.

1979இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இதற்கொரு வழி கண்டனர். கொதிக்க வைத்துக் கரைத்த அகார், சுமார் 40 பாகை செல்சியசுக்கு ஆறும் வரை உறையாது. எனவே இளஞ்சூட்டிலே அதில் உயிருள்ள கிருமிகளைக் கலக்கலாம். அக்கலவையை எண்ணெயில் ஊற்றிக் கலக்கிக் குளிர்வித்தால், கிருமிகள் சிறைப்பட்ட நுண்மணிகள் கிடைக்கும். அம்மணிகளைச் செலுத்தியபோது கிருமிகள் வாரக்கணக்கில் நிலைத்தன. பின்னர் அகரோசு மணிகளும் இவ்வாறே பயன்பட்டன.

நம் உடலின் காவலர்களான வெண்குருதிக் கலங்கள் கிருமியை விழுங்கி அழிப்பவை. ஆனால் மணியோ அவற்றைவிடப் பத்து மடங்கு பருமனானது, விழுங்க இயலாது. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி, தன்னுட் புகுந்து அகலாத பொருளைச் சுற்றி மூடுவதுபோல, அவையும் மணியைச் சூழ்ந்து நிற்கின்றன. சிப்பியின் முயற்சி முத்தாகிறது. இவற்றின் முயற்சியோ துன்பத்தில் முடிகிறது. கிருமியை அழிக்க அவை சொரியும் நொதியங்கள் நுரையீரலையே அரிக்கின்றன. ஆகவே கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் போதாது, காவலரின் சீற்றத்தையும் தணிக்கவேண்டும் என்பது புலனாயிற்று. புதிய மருந்துகளை இம்முறையிலே சோதித்தும் வருகின்றனர்.

1975இல் வெளியான மற்றொரு முறையில், அகரோசுப் படலத்தில் அருகருகே குழிகள் இடுவர். ஒன்றில் வெண்குருதிக் கலங்களையும் மற்றதில் அவற்றை ஈர்க்கும் பொருளையும் வைப்பர். படலத்தின் அடியில் அவை ஊர்ந்து செல்லும் தூரத்தை நுணுக்குக்காட்டியால் அளந்து, ஒருவரது காவலர் சுறுசுறுப்பானவரா, சோம்பலுடையவரா என்று அறியலாம்.

மாணவர்களே! கடற்கரையிற் பாசி ஒதுங்கிக் கிடந்தால் குப்பையென்று மிதித்துச் செல்லாதீர்கள். குனிந்தெடுத்துப் பாருங்கள். அதன் இனத்தாலேயே எங்கோ ஒரு குழந்தை சற்று இலகுவாக மூச்சுவிடும் நாள் நெருங்கி வருகிறது.