வளர்ப்பு முயலின் பல் நோயும் அதனைப் பேணும் முறையும்

முயலின் பற்கள் அதன் ஆயுட்காலம் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் இயல்புடையவை. மனிதனுக்கும் நாய்க்கும் முளைத்தபின் வளர்ச்சி நின்றுவிடும் பற்களைப் போன்றவையல்ல அவை. முன்வாயிலுள்ள வெட்டும் பற்கள் வாரமொன்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வளர்வதால், ஓராண்டு வளர்ச்சி 10 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். வளரும் அளவு நாள்தோறும் தேய்ந்து போனாற்றான் முயல் உண்ண முடியும். தேய்வு குறைந்தாலும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போனாலும் பல் நோய் தொடங்கும். தொடங்கிய நோய் பெரும்பாலும் முற்றாகத் தீர்வதில்லை. ஆயினும் வீட்டார் அதன் தன்மையை அறிந்து நடப்பின், அத்தகைய முயலும் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும்.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள் உள்ளன. வெட்டும் பற்கள் ஆறு. அவற்றுள் மேற்றாடையில் உள்ளவை நான்கு. இந்நான்கிலும் இரண்டு, முன்னிரண்டின் பின்னால் முளைபோல மறைந்து நிற்பவை. எலிக்கு இவை இல்லை. முயலை எலியினத்திலிருந்து பிரித்து, 1912ஆம் ஆண்டில் தனி வரிசையாக வகுத்தமைக்கு இப்பற்களும் ஒரு காரணமாகும். வேட்டைப் பற்கள் முயலுக்கு இல்லை. அவ்விடம் வெறுமையான இடைவெளியாக இருக்கும். அதற்கப்பால் வாயின் உட்புறத்தில் 22 கடைவாய்ப் பற்கள் உள்ளன. வாயைச் சற்றுத் திறந்து பார்ப்பவருக்கு இவை தென்படா. ஆகவேதான் முன்பற்கள் அழகாக இருப்பதைக் கண்டு, முயலுக்குப் பல் நோயில்லை என்று பலர் தவறாக எண்ணுகின்றனர்.

கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது புல்லேயாகும். புல்லில் நுண்ணிய மணற்சத்து உண்டு. அதனை அரைக்கும்போது முயலின் தாடை பக்கவாட்டில் அசைந்து, நிமிடமொன்றுக்கு 120 தடவை வரை உராயும். கரட், பாண், சோறு, பிஸ்கட் முதலியவற்றை உண்ணும்போது அத்தகைய அரைப்பு நிகழ்வதில்லை. சில கடிகளில் அவை விழுங்கப்பட்டுவிடும். கடினமான பொருளைக் கடிக்கக் கொடுத்தாற் பல் தேயும் என்ற நம்பிக்கையும் முழுதும் சரியன்று. மரத்துண்டு முன்பற்களுக்கு ஓரளவு வேலை கொடுக்குமேயன்றிக் கடைவாய்ப் பற்களை எட்டாது.

மாத்தளை மாவட்டத்தில் முயல் வளர்ப்போருக்குப் புற்பஞ்சம் இல்லை. உக்குவளை, இறத்தோட்டைப் பகுதிகளின் தெருவோரங்களிலும் மிளகுத் தோட்டங்களின் எல்லைகளிலும் கினிப்புல் தழைத்து நிற்கின்றது. அங்ஙனமிருக்க, கடையில் விலைகொடுத்து வாங்கிய கரட்டைக் கொடுத்து முயலின் பல்லைக் கெடுப்பது வீண் செலவேயாகும். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமற் புல்லாயிருத்தல் வேண்டும். கினிப்புல்லோடு அறுகம்புல்லும் மிக நன்று. களைநாசினி தெளிக்கப்பட்ட இடத்துப் புல்லையும், நாய்கள் திரியும் இடத்துப் புல்லையும் தவிர்த்தல் அவசியம். மழைக்காலத்தில் ஈரப்புல்லைக் குவித்து வைத்தாற் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலுள்ள நாட்களிற் புல்லை அறுத்து, மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி நன்றாக உலர்த்திக் காற்றோட்டமான இடத்திற் கட்டித் தொங்கவிட்டால் மார்கழி மழைக்கும் உதவும்.

நோயின் அறிகுறிகள் மெதுவாகவே தோன்றும். முயல் பசியோடு உணவருகே வந்து, முகர்ந்து பார்த்துத் திரும்பிவிடும். அல்லது வாயிலெடுத்த இலையைக் கீழே போட்டுவிடும். புல்லைத் தள்ளி மென்மையானவற்றை மட்டுமே தேடும். நாடி எச்சிலால் நனைந்திருக்கும். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவதும் பல் நோயாக இருக்கலாம். மேற்பல்லின் வேர் கண்ணீர்க் குழாய்க்கு அருகில் இருப்பதே அதற்குக் காரணம். புழுக்கைகள் சிறுத்தும் குறைந்தும் போகும். இவையனைத்துக்கும் முன்னரே எடை குறையத் தொடங்குவதால், வாரத்துக்கொரு முறை வீட்டுத் தராசில் முயலை நிறுத்து, எடையை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் மிகப் பயனுள்ள பழக்கமாகும். கடைவாய்ப் பல்லின் ஓரம் ஊசிபோற் கூர்மையடைந்து நாக்கையோ கன்னத்தையோ கிழிப்பதை எவரும் வெளியிலிருந்து காண முடியாது. கொப்பியிலுள்ள இலக்கமே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

நீண்ட முன்பல்லை நகவெட்டியாலோ குறட்டாலோ வெட்டிவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இது கைவிடத்தக்கது. அழுத்தத்தாற் பல் நீளவாக்கிற் பிளந்து, பிளவின் வழியே கிருமி வேர்வரை சென்று தாடையிற் சீழ்க்கட்டியை உண்டாக்கும். முயலின் சீழ் பால் போல ஓடாது, இறுகிய வெண்ணெய் போலிருக்கும். கீறிவிட்டாலும் எளிதில் வெளியேறாது. மிருக வைத்தியர் மின்விசையாற் சுழலும் சிறு கருவிகொண்டு பல்லைத் தேய்த்துக் குறைப்பார். பொருந்தாத முன்பற்களுக்கு இச்சிகிச்சை மூன்று முதல் ஆறு வாரங்களுக்கொருமுறை தேவைப்படலாம். சிலவேளை முன்பற்களை அடியோடு அகற்றிவிடுவதே மேலென வைத்தியர் கருதுவார். முன்பற்களற்ற முயல் பட்டினி கிடக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நறுக்கிய புல்லை உதடுகளாற் பற்றிக் கடைவாயால் அரைத்து உண்ண அது விரைவிற் பழகிக்கொள்ளும்.

கடைவாய்ப் பற்களைச் சீர்செய்ய மயக்கமருந்து அவசியம். முயலால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால், நாய்க்குச் செய்வதுபோலச் சிகிச்சைக்கு முன் அதனைப் பட்டினி போடலாகாது. அதன் குடல் ஓயாது இயங்க வேண்டியது. அரை நாள் ஒன்றும் உண்ணாதிருந்தால் அதனை அவசர நிலையாகக் கருதி வைத்தியரை நாடல் வேண்டும். மறுநாள் வரை பார்த்திருப்பது உயிருக்கு ஆபத்தாகும். வீட்டிலுள்ள மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுப்பதும் அவ்வாறே. பெனிசிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை வாய்வழியே கொடுத்தால், குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துவிடக்கூடும்.

சிகிச்சையின் பின் வாய் ஆறும்வரை, முயற்றீவனக் குளிகைகளை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி நீக்கிய மருந்துக் குழலால் ஊட்டலாம். முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில், பக்கவாட்டாகக் குழலை நுழைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, விழுங்கியபின் அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும். அவசரப்பட்டாற் கூழ் சுவாசப்பைக்குட் செல்லும். முயலை மல்லாத்திப் பிடித்து ஊட்டலாகாது.

முயல் தன் மென்மையான புழுக்கைகளைத் திரும்ப உண்பது இயற்கை. வாய் நொந்த முயல் அவற்றை உண்ணாததால் அவை பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கு ஈ முட்டையிட்டாற் புழுக்கள் தோன்றி உடலைத் துளைக்கும். நாள்தோறும் பின்புறத்தைப் பார்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிடல் வேண்டும்.

குறுமுக முயல்களிலும் தொங்குசெவி முயல்களிலும் பற்பொருத்தக் கேடு மிகுதி. தாடைக் குறை பரம்பரையாகவும் வரும். தாய் தந்தையிரண்டும் நலமாகத் தோன்றினும் குட்டியில் அது வெளிப்படலாம் என்பதால், அத்தகைய குட்டியை ஈன்ற சோடியை மீண்டும் இணைத்தல் தகாது. அக்குட்டியையும் இனப்பெருக்கத்துக்கு விடலாகாது.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகளையே பார்ப்பதால், முயலின் பல்லைத் தேய்க்கும் வசதியுண்டா எனப் போகுமுன் கேட்டறிதல் நன்று. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை உண்டு. மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 26 கிலோமீற்றர். பேராதனை அதற்கப்பால் 6 கிலோமீற்றர். வெப்பத்தை முயல் தாங்காது. ஆகவே அதிகாலையிலேயே புறப்பட்டு, காற்றுப் புகும் கூட்டில் அதற்குப் பழக்கமான புல்லையும் இட்டு, எடை குறித்த கொப்பியையும் கையோடு கொண்டு செல்லல் வேண்டும்.