தரை உயர்கிறதா, கட்டடம் தாழ்கிறதா?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்தனர். கற்காலக் கருவிகளும், மணிகளும், ரோமானியச் சாடிகளின் துண்டுகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன.

தரைமேல் கிடந்த பொருள்கள் மண்ணுக்குள் போனது எப்படி? தம் கனத்தால் அமிழ்ந்தன என்று நினைக்கிறீர்களா? சில இடங்களில் அப்படியும் நடப்பதுண்டு. ஆனால், பெரும்பாலும் பொருள் தாழ்வதில்லை. அதைச் சுற்றித் தரைதான் உயர்கிறது.

ஓர் ஊரை மக்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரை மக்கி விழும். மண்சுவர் மழையில் கரைந்து மேடாகும். அதில் புல்லும் புதரும் முளைத்து, காற்றில் வரும் புழுதியைப் பிடித்துவைக்கும். மழைநீர் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு வேறு மக்கள் குடியேறினால், அந்த இடிபாட்டைச் சமன்செய்து அதன்மேலேயே வீடு கட்டுவார்கள்.

மண்புழுவுக்கும் இதில் பங்கு உண்டு. அது கீழேயுள்ள மண்ணைத் தின்று, மேலே வந்து கழிவாகத் தள்ளுகிறது. இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் 1842-இல் ஒரு வயலில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோது அவை 7 அங்குல ஆழத்தில் இருந்தன! எல்லா மண்ணிலும் இதே வேகம் இராது.

கடற்கரையில் இந்த வேலையை மணல் செய்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணலில் மறைந்திருந்த பழைய முருகன் கோயில், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகே வெளிப்பட்டது. பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்துக்கு அடியில், அதற்கும் முந்திய செங்கல் கோயில் இருந்தது.

அப்படியானால் சிங்கப்பெருமாள் கோவிலின் குடைவரைக் கோயில் ஏன் புதையவில்லை? அது குன்றின் பாறையில் குடையப்பட்டது. அதோடு, மக்கள் வழிபட்டு, பெருக்கிச் சுத்தம் செய்து வருகிறார்கள். கைவிடப்பட்டதைத்தான் மண் எளிதில் மூடுகிறது.

கலையாத மண்ணில் கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. ஒரு பொருளின் காலத்தை அறிய அது கிடந்த அடுக்கே முக்கியச் சான்று. அகழாய்வாளர் சிறு கொத்துக்கரண்டியால் நாள்கணக்கில் சுரண்டும் மண்ணை, அஸ்திவாரம் தோண்டும் பொக்லைன் சில நிமிடங்களில் கலைத்துவிடும். பொருள் தப்பினாலும் அதன் வரலாறு தப்பாது.

மாணவர்களே! உங்கள் ஊரில் பள்ளம் தோண்டினால் தள்ளி நின்று மண்ணின் நிறமாற்றத்தைக் கவனியுங்கள். பானையோடோ செங்கல் வரிசையோ தெரிந்தால் பிடுங்கி எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள்.