ஓரம் தெரியாமல் ஒட்டும் வித்தை

மாயாஜாலப் படம் ஒன்றின் டிரெய்லர் வந்த அரைமணி நேரத்தில் தீர்ப்பும் வந்துவிடுகிறது: "கிராபிக்ஸ் சொதப்பல்." எது சொதப்பல் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. ஆனால் சொன்னவரின் கண் பொய் சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகச் சினிமாக்காரர்கள் மறைக்கப் பாடுபடும் ஒன்றை அது பிடித்துவிட்டது: ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஒட்டிய இடம். டிராகனும் விண்கலமும் பிறகு வருகிற சங்கதி. முதல் வேலை, நடிகரை அவர் நின்ற இடத்திலிருந்து கத்தரித்து, அவர் நிற்காத இடத்தில் நிற்கவைப்பது. நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் இதை மேட் என்பார்கள். நீலத் துணி கட்டினால் ப்ளூ மேட், பச்சை கட்டினால் க்ரீன் மேட்.

ஏன் கத்தரிக்க வேண்டும்? ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் பிடித்தால் இரண்டும் கலந்து பதியும். ஆளின் உடம்பு வழியே பின்னாலுள்ள சுவர் தெரியும். பேய்க்கு அது போதும். ஆள் ஆளாகத் தெரிய வேண்டுமானால், அவர் வரப்போகும் இடத்தில் பிலிமின் மேல் வெளிச்சமே படாமல் காத்துவைக்க வேண்டும். பிரான்சின் ஜார்ஜ் மெலியெஸ் 1898-லேயே இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். கறுப்புப் பின்னணி ஒளியைத் திருப்பி அனுப்பாது, ஆகவே பிலிமில் அந்த இடம் காலியாகவே இருக்கும், அங்கே வேறொன்றைப் பதிக்கலாம். தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்துக்காட்டினார். 1902-இல் அவர் எடுத்த நிலவுப் பயணம்தான் புகழ்பெற்றது. எனக்கென்னவோ அந்தத் தலைக்கூத்துதான் பெரிய சாதனையாகப் படுகிறது.

தமிழில் இரட்டை வேடம் வந்ததும் இதே வழியில்தான். 1940-இன் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரண்டு பேராக வந்தார். லென்ஸில் பாதியை மறைத்து ஒருமுறை, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை மறைத்து ஒருமுறை என்று எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உண்டு. அதை இரண்டு பேரும் தாண்டக் கூடாது. கேமராவும் அசையக் கூடாது. பழைய இரட்டை வேடக் காட்சிகளில் அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொள்ளாததற்குக் காரணம் பாசக் குறைவல்ல.

நடிகர் நடந்தால்? அவருடைய உருவத்தோடு அந்த மறைப்பும் நடக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மறைப்பு. அமெரிக்காவில் பிராங்க் வில்லியம்ஸ் 1918-இல் காப்புரிமை பெற்ற முறை இதற்குத்தான். 1933-இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் ஜான் பி. புல்டன் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். நடிகரின் தலையையும் கையையும் கறுப்பு வெல்வெட்டால் சுற்றி, கறுப்பு வெல்வெட் போர்த்திய அரங்கில் நிறுத்தினார். சட்டையும் கால்சட்டையும் மட்டும் பதிந்தன, வெற்றுடை நடந்தது.

இந்தத் துண்டுகளையெல்லாம் ஒரே பிலிமில் சேர்த்த இயந்திரத்தின் பெயர் ஆப்டிகல் பிரிண்டர். நீளமான இரும்பு மேடையில் ஒரு புரொஜெக்டரும் ஒரு கேமராவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கும். புரொஜெக்டர் ஒரு சட்டத்தைக் காட்டும், கேமரா அதைப் பிடிக்கும்; பிறகு அடுத்த சட்டம். முதல் சுற்றில், நடிகர் வடிவத்தில் ஓட்டை விட்டுப் பின்னணி பதியும். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அந்த ஓட்டைக்குள் நடிகரைப் பதிக்க வேண்டும். திருப்பூரில் பனியனில் ஒவ்வொரு நிறமாக அச்சு வைக்கிறவர்களுக்கு இந்த வேலையின் பயம் புரியும்: இரண்டாவது அச்சு ஒரு நூலளவு தள்ளினால் உருவத்தைச் சுற்றிக் கோடு விழும். பிலிமோ ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் லின்வுட் டன் இந்த இயந்திரத்தின் மன்னர். 1933-இன் 'கிங் காங்', 1941-இன் 'சிட்டிசன் கேன்' இரண்டிலும் அவர் கைவண்ணம் உண்டு. இரண்டாவதில் குரங்கோ ராக்கெட்டோ கிடையாது. ஒட்டு வேலை இருக்கிறதென்று தெரியாமலேயே பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்?

நிறம் வந்ததும் கறுப்புத் துணி பின்வாங்கி நீலம் வந்தது. மனிதத் தோல் எந்த நிறத்ததானாலும் அதில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. அன்றைய டெக்னிகலர் கேமராவோ சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் பதித்தது. நீலத் திரைக்கு முன் நடிகரை நிறுத்தினால், நீலத்துக்கான பிலிமில் திரை பளீரென்றும் ஆள் இருட்டாகவும் விழும். மறைப்புக்கு அச்சு கிடைத்துவிட்டது. 1940-இன் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்காக லாரி பட்லர் இந்த முறையை உருவாக்கினார்; ஆஸ்கரும் கிடைத்தது. மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு அதில் பூதத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பறப்பதை இன்று பார்த்தாலும் உற்சாகமாகத்தான் இருக்கிறது. உருவங்களின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று நடுங்குவதும் தெரிகிறது.

அந்தக் கோட்டுக்குக் காரணம், மறைப்புக்கு உண்டு இல்லை என்ற இரண்டே பதில்தான் தெரியும் என்பது. காற்றில் பறக்கும் கூந்தல், சிகரெட் புகை, கண்ணாடிக் கோப்பை எல்லாம் பாதி உண்டு, பாதி இல்லை. இந்தப் பாதியை எப்படிப் பிடிப்பது?

இதற்கு விடை கண்டவர் பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர். 2013-இல் 96 வயதில் இறந்தார். ரசிகர்களில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அவர் கொடுத்தது ஒன்றல்ல, இரண்டு விடைகள். ஒன்று சோடியம் விளக்கு. அதன் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய மிகக் குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். திரையில் அந்த ஒளியை மட்டும் பாய்ச்சி, கேமராவுக்குள் ஒரு பட்டகக் கண்ணாடியை வைத்து, அந்தக் குறுகிய மஞ்சளைத் தனிப் பிலிமுக்கும் மற்ற ஒளியை வண்ணப் பிலிமுக்கும் பிரித்து அனுப்பினார்கள். படம் எடுக்கும்போதே மறைப்பும் எடுத்தாயிற்று! 1964-இல் வந்த டிஸ்னியின் 'மேரி பாப்பின்ஸ்' இப்படி எடுக்கப்பட்டது. கதாநாயகியின் தொப்பியிலிருந்து தொங்கும் வலைத்துணி வழியே பின்னாலுள்ள ஓவியம் துல்லியமாகத் தெரியும். 2024-இல் பால் டெபெவெக் என்ற ஆய்வாளரும் அமெரிக்க யூடியூப் குழு ஒன்றும் இந்த முறையைத் திரும்ப அமைத்துப் பார்த்து வியந்துபோனார்கள்.

இரண்டாவது விடை, 1959-இன் 'பென்-ஹர்' படத்துக்காக அவர் கண்டது. என் பார்வையில் சினிமா தொழில்நுட்பத்திலேயே அழகான கணக்கு அதுதான். இந்தப் புள்ளி நீலமா என்று அவர் கேட்கவில்லை. நீலம் பச்சையைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்டார். திரையில் ஒரு புள்ளிக்கு நீலம் 90, பச்சை 20 என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 70. சாம்பல் நிறச் சட்டையில் இரண்டும் 50, வித்தியாசம் பூஜ்யம். வெள்ளை, கறுப்பு, சாம்பல் எல்லாவற்றிலும் பூஜ்யமே வரும். இப்போது பாதி திரையும் பாதி புகையும் கலந்த ஒரு புள்ளி: நீலம் 70, பச்சை 35, வித்தியாசம் 35. எழுபதில் சரிபாதி! பின்னணியை அங்கே பாதி அளவு காட்டினால் போதும். புகை புகையாகவே நிற்கிறது, தலைமுடி முடியாகவே நிற்கிறது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இந்தக் கழித்தல்தான் ஓடுகிறது. நீல உடை அணிந்து வந்தால் உடை காணாமல் போகும் என்பது மட்டும் தீராத தொல்லை. 2002-இன் 'ஸ்பைடர்மேன்' படத்தில் நீலமும் சிவப்பும் அணிந்த நாயகனைப் பச்சைத் திரைமுன்னும், பச்சை வில்லனை நீலத் திரைமுன்னும் எடுத்தார்கள்.

1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' வேறொரு முட்டுக்கட்டையை உடைத்தது. அதுவரை ஒட்டு வேலை என்றால் கேமரா பெரும்பாலும் அசையாது. ஜான் டிக்ஸ்ட்ராவின் குழு, தண்டவாளத்தில் ஓடும் கேமராவை மோட்டார்களோடு பிணைத்து, அதன் அசைவை மின்னணு முறையில் பதிவுசெய்து, அதே அசைவை எத்தனை தடவை வேண்டுமானாலும் துல்லியமாகத் திருப்பிச் செய்யவைத்தது. விண்கல மாதிரி நின்ற இடத்தில் நிற்கும், பறப்பது கேமரா. ஒரு சுற்றில் கலம், மறுசுற்றில் அதன் எஞ்சின் விளக்கு. அவர்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது: விண்வெளி கறுப்பு, கோடு விழுந்தாலும் இருட்டில் அமுங்கிவிடும். 1980-இல் அடுத்த பாகத்தின் போர் வெண்பனியில் நடந்தது, குட்டு வெளிப்பட்டது. ரிச்சர்ட் எட்லண்ட் நான்கு புரொஜெக்டர் கொண்ட புதிய பிரிண்டரையே கட்டினார். அப்படியும் முதல் வெளியீட்டுப் பிரதியில் சில விமானிகளின் ஜன்னல் சட்டம் வழியே பனி தெரிந்தது.

கம்ப்யூட்டர் வந்து பிரிண்டரைக் காயலான் கடைக்கு அனுப்பியது. எத்தனை அடுக்கு ஒட்டினாலும் படம் மங்காது, கோடும் போயிற்று. டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் பச்சைக்கான புள்ளிகள் மற்ற நிறங்களைப்போல் இருமடங்கு என்பதால் பச்சைத் துணி செல்வாக்குப் பெற்றது. ஆனாலும் படங்கள் சொதப்புகின்றனவே, ஏன்?

ஒளி. ஓரம் சரியாக வெட்டுப்பட்டாலும் முகத்தில் விழுந்த வெளிச்சம் ஸ்டுடியோவுடையது. பச்சைத் துணி கன்னத்திலும் கழுத்திலும் தன் சாயலைத் தெளிக்கும். அதைத் துடைத்தால் தோல் வெளிறும். சாயங்கால வானத்தின்கீழ் நிற்பவரின் தோளில் அந்தச் செம்மை விழவில்லையென்றால், காரணம் சொல்லத் தெரியாமலேயே நமக்கு உறுத்தும். 1957-இன் 'மாயாபஜார்' படத்துக்கு மார்கஸ் பார்ட்லி உண்டாக்கிய நிலவொளி இன்றும் குளிர்வதற்குக் காரணம் இதன் மறுபக்கம்தான்: ஆளுக்கும் இடத்துக்கும் ஒரே நிலவு.

இதைப் புரிந்துகொண்டவர்கள் துணியையே மாற்றினார்கள். 2013-இன் 'ஒப்ளிவியன்' படத்தில் மேகத்துக்கு மேல் ஒரு கண்ணாடி வீடு. நீலத்துணி கட்டினால் கண்ணாடி, இரும்பு, உடை எல்லாம் நீலமாகும். ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டா குழு, ஹவாயின் எரிமலை உச்சியிலிருந்து எடுத்த மேகங்களை வீட்டைச் சுற்றிலும் பெரிய திரையில் ஓட்டியது. நடிகர்களின் முகத்தில் விழுந்தது அந்த வானத்தின் ஒளியே. 2019-இன் 'தி மாண்டலோரியன்' தொடரின் எல்ஈடி சுவர் இதன் அடுத்த படி. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: உச்சிவெயிலின் கூர்மையான நிழலை அந்தச் சுவரால் தர முடியாது. 2021-இன் 'டூன்' படத்தில் பால் லாம்பர்ட் மணல் நிறத் துணி கட்டினார். பாலைவனத்தில் நிற்பவர்மேல் மணல் சாயல் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மணல் நிறத்தைத் தலைகீழாக்கினால் நீலம் வரும் என்பது அதில் கூடுதல் லாபம்.

டிரெய்லருக்கு வருவோம். விளம்பரத்துக்குக் கொடுக்கப்படும் காட்சிகள் பல மாதம் முன்னதாகவே, வேலை முடியாத நிலையில் போய்விடுகின்றன. ஆகவே டிரெய்லரில் ஓரமோ சாயலோ சரியில்லையென்றால் பொறுக்கலாம், அது தேறும். வடிவமைப்பே சரியில்லையென்றால் தேறுவது அரிது. 2019-இல் 'சோனிக்' உருவத்தைப் பார்த்து ரசிகர்கள் கொதித்ததும் உருவத்தையே மாற்றி, வெளியீட்டை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள், பலன் கிடைத்தது. 2022 அக்டோபரில் 'ஆதிபுருஷ்' டீசருக்கும் அதே வரவேற்பு, அதுவும் 2023 ஜனவரியிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று. பலன் அவ்வளவாக இல்லை. 2019 டிசம்பரில் 'கேட்ஸ்' படமோ வேலை முடியாமலேயே தியேட்டருக்கு வந்து, சில நாளில் திருத்திய பிரதியை அனுப்பவேண்டிவந்தது. பூனையாக வந்த நடிகையின் கையில் மனிதத் தோலும் மோதிரமும் அப்படியே இருந்தன.

இவற்றில் எதுவும் திறமைக் குறைவு அல்ல, கால அவகாசக் குறைவு. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம், விருதுக்குச் சில நாள் முன்னால்தான், திவாலாகியிருந்தது. இன்னொரு பக்கம், எல்லாம் நிஜம், கிராபிக்ஸே இல்லை என்று பெருமை பேசும் விளம்பரங்கள். அவற்றை நம்ப வேண்டாம். நிஜ வண்டிகள் மோதியதற்காகக் கொண்டாடப்படும் 2015-இன் 'மேட் மேக்ஸ்: ப்யூரி ரோட்' படத்தில் ஏறக்குறைய 2000 காட்சித் துண்டுகளில் ஒட்டு வேலை இருக்கிறது.

விமர்சனம் எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரெய்லரை போனில் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தச் சின்னத் திரையில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே நசுங்கும். தியேட்டரில் பார்த்த பிறகு, எது உறுத்தியது என்று எழுதுங்கள். முடியின் ஓரமா, முகத்தின் ஒளியா, தரையில் பதியாத காலா? நிழலின் கறுப்பைப் பாருங்கள். முன்னால் நிற்பவரின் கறுப்பு அவருக்கு அரைமைல் பின்னாலுள்ள மலையின் கறுப்பைப் போலவே அடர்த்தியாக இருந்தால், நடுவில் காற்றே இல்லை என்று அர்த்தம். கண்ணைப் பழக்க 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்', 'மேரி பாப்பின்ஸ்', 'ஒப்ளிவியன்' மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒட்டு வேலையில் மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால், அறுபது வருஷத்துக்கு முந்தைய அந்த வலைத்துணிக்கு நான் போடும் மதிப்பெண்ணை இந்த வருஷத்துப் பிரம்மாண்டங்கள் பலவற்றுக்குப் போட மாட்டேன்.