காழ் எங்கே இருக்கிறது?

தென்னையைத் ‘தென்னைமரம்’ என்கிறோம். ரப்பரையும் ‘ரப்பர் மரம்’ என்றே சொல்கிறோம். இரண்டும் ஓங்கி வளர்கின்றன. இரண்டுக்கும் வேர் உண்டு, தண்டு உண்டு. ஆனால், பழந்தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியத்தின் முறைப்படி பார்த்தால் இவற்றுள் ஒன்றுதான் மரம். மற்றொன்று புல்! வியப்பாக இருக்கிறதல்லவா?

இந்தப் பாகுபாட்டுக்கு அடிப்படை ‘காழ்’ என்னும் சொல். காழ் என்றால் வயிரம், அதாவது தண்டின் உறுதியான பகுதி. தொல்காப்பியத்தின் மரபியல், காழ் வெளிப்புறத்தில் இருந்தால் அந்தத் தாவரத்தைப் புல் என்றும், உட்புறத்தில் இருந்தால் மரம் என்றும் பிரிக்கிறது. முன்னது புறக்காழ், பின்னது அகக்காழ். தென்னை, பனை, கமுகு, மூங்கில் ஆகியவற்றின் தண்டு வெளியே கடினமாக இருக்கும். உள்ளே மென்மையாகவோ மூங்கிலைப் போல வெற்றிடமாகவோ இருக்கும். தேக்கு, வேம்பு, புளி ஆகியவற்றில் வெளியே பட்டையும் உள்ளே உறுதியான கட்டையும் இருக்கும்.

வகை மாறும்போது உறுப்புகளின் பெயர்களும் மாறுகின்றன. மரத்துக்கு இலை, தளிர், அரும்பு, சினை போன்ற சொற்கள் உரியவை. சினை என்பது கிளை. புல் வகைக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை போன்ற சொற்கள் உரியவை. இன்றும் நாம் மாவிலை என்கிறோம். ஆனால், தென்னை ஓலை என்கிறோம். தோரணம் கட்டுவது குருத்தோலையில். துடைப்பம் கட்டுவது ஈர்க்கில். செம்பனைத் தோட்டத்தில் வெட்டப்படுவதும் குலைதான்.

இக்காலத் தாவரவியல் பூக்கும் தாவரங்களை ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் எனப் பிரித்துக் காட்டுகிறது. தென்னையும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள். தேக்கும் ரப்பரும் இருவித்திலைத் தாவரங்கள். முன்னோர் தண்டைப் பார்த்தனர். அறிவியலார் விதையைப் பார்த்தனர். இரண்டு பாகுபாடுகளும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும், இந்தத் தாவரங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

இந்த வேறுபாடு வெறும் பெயரளவில் நிற்பதன்று. ரப்பர் மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ‘கேம்பியம்’ எனப்படும் மெல்லிய வளர்திசு உள்ளது. அது வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் கட்டையையும் உருவாக்குகிறது. அதனால் மரம் பருக்கிறது. சீவப்பட்ட பட்டையும் மீண்டும் வளர்கிறது. தென்னையில் இத்தகைய வளர்திசு இல்லை. அதன் தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை. ஏறுவதற்காக அதில் வெட்டப்படும் படிகள் கடைசிவரை அப்படியே இருக்கும். அதன் உச்சியில் உள்ள ஒரே குருத்தை வண்டு தின்று அழித்துவிட்டால், தென்னை பட்டுப்போகும். பக்கத்தில் கிளைத்துத் தழைக்க அதற்குச் சினை கிடையாது.

நம் வட்டாரத்தின் வரலாற்றையே மாற்றிய ஒரு தொழில் இந்த வேறுபாட்டின்மேல்தான் நின்றது. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு வராமல் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்தார். பால் இருப்பது கட்டையில் அன்று, பட்டையில். எனவே, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், முதல் வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவிக்கொண்டு வந்தால் போதும்.

தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களின் கைத்திறன் இதுவே. பட்டையை ஆழமாக வெட்டாவிட்டால் பால் குறையும். வளர்திசுவைத் தொட்டுவிட்டால் பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. வளர்திசுவுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்பாகவே உளி நிற்க வேண்டும். அந்த நுட்பத்தில்தான் அன்றாடக் கூலியும் மரத்தின் ஆயுளும் அடங்கியிருந்தன.

ஒரு செடியைக் கண்டால் ‘பச்சையாக இருக்கிறது’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், தளிரா இலையா, பாளையா அரும்பா, புறக்காழா அகக்காழா என்று கேட்கத் தொடங்கினால், அதன் வளர்ச்சியும் வாழ்வும் நமக்குப் புலப்படும். சொல்லை இழந்தால் அது சுட்டிய பொருளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் இழந்துவிடுவோம். பள்ளி வளாகத்தில் நிற்கும் தாவரங்களுள் ஒன்றன் அருகில் இன்றே சென்று பாருங்கள். அதன் காழ் எங்கே இருக்கிறது?