ஜப்பானியரின் விழாப் பொருள்கள்

அயல்நாட்டுப் பொருள்களைத் தேடித் தொகுத்து வைப்பதில் இன்பம் காண்போர் உலகெங்கும் உளர். நாணயமும் அஞ்சல் தலையும் தொகுப்போர்க்குப் பொருள் கைக்கு எட்டினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். ஜப்பானியரின் விழாப் பொருள்களைத் தொகுப்போர்க்கோ அவ்வாறு முடிவதில்லை. அந்நாட்டில் விழாப் பொருள் ஒவ்வொன்றும் வெளியே வருவதற்கு ஒரு நாள் உண்டு. விடைபெறுவதற்கும் ஒரு நாள் உண்டு. சிலவற்றைப் பெட்டியில் வைப்பர். சிலவற்றை நீரில் விடுவர். சிலவற்றை நெருப்பில் இடுவர். அந்த நாளையும் செயலையும் அறியாமல் பொருளை மட்டும் கொண்டுவந்தவர், உறையை வைத்துக்கொண்டு கடிதத்தைத் தொலைத்தவரை ஒப்பர்.

புத்தாண்டு நாளை எடுத்துக்கொள்வோம். அந்நாளில் வாயிலின் இருபுறமும் ஊசியிலை மரக் கிளைகளையும் மூங்கிலையும் சேர்த்துக் கட்டி நிறுத்துவர்; நிலைக்கு மேல் வைக்கோற் கயிறு தொங்கும். புத்தாண்டுத் தெய்வத்தை இல்லத்திற்கு வரவேற்கும் அடையாளங்கள் இவை. விழா முடிந்தபின் இவற்றை எவரும் அடுத்த ஆண்டிற்கென்று எடுத்து வைப்பதில்லை. ஜனவரி 15ஆம் நாளையொட்டி ஊர்தோறும் குவித்து எரிப்பர். அந்நெருப்பில் அரிசி அடைகளைச் சுட்டு உண்பர்.

புத்தாண்டுக் காலத்தில் விற்கும் டாருமாப் பொம்மையும் இவ்வகையினதே. போதிதர்மர் என்னும் பௌத்தத் துறவியின் உருவம் அது. அவர் தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றவர் என்று சீன நூல்கள் பல கூறும். காஞ்சிபுரத்து அரச மரபினர் என்னும் வழக்கும் உண்டு. சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் அசையாது அமர்ந்திருந்தமையால் அவருடைய கைகால்கள் மறைந்தன என்பது கதை. ஆதலின் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அடியில் கனம் வைத்திருப்பதால், எத்தனை முறை தள்ளினும் எழுந்து நிற்கும். குன்மா மாவட்டத்துத் தக்காசாக்கி நகரம் இதற்குப் பேர்போனது.

செய்வோர் இதன் கண்களை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். வாங்குபவர் ஒரு விருப்பத்தை எண்ணி ஒரு கண்ணைத் தீட்டுவார். அது நிறைவேறிய பின்னரே மறு கண்ணைத் தீட்டுவார். ஆண்டு முடிவில் பழைய பொம்மையைக் கோயிலில் ஒப்படைத்து எரிக்கச் செய்து, புதியது ஒன்றை வாங்கிச் செல்வார். தொகுப்பாளர் ஒருவரின் அலமாரியில் ஒற்றைக் கண்ணுடன் வீற்றிருக்கும் டாருமாவைக் காணும்போது, அது எவருடைய நிறைவேறாத விருப்பமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, தொகுப்போர் பெரிதும் விரும்பும் பாவைகளைப் பற்றிக் காண்போம். மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் பெண்மக்களுக்குரிய விழா. அதனை ஹினா மட்சுரி என்பர். பெண் குழந்தை உள்ள இல்லங்களில், செந்துணி விரித்த படிகளில் பாவைகளை அடுக்குவர். முழுத்தொகுதி ஏழு படிகளும் பதினைந்து பாவைகளும் கொண்டது. மேற்படியில் பேரரசரும் பேரரசியும் வீற்றிருப்பர். அவர்களுக்குக் கீழே தோழியர் மூவர், இசைவாணர் ஐவர், அமைச்சர் இருவர், பணியாளர் மூவர் அமைவர். கீழ்ப்படிகளில் சிறு பெட்டிகளும் தேர்களும் விளங்கும். விழா முடிந்ததும் பாவைகளை விரைந்து உள்ளே வைத்துவிட வேண்டும். இல்லையேல் அவ்வீட்டுப் பெண்ணின் திருமணம் தாழ்க்கும் என்பர். நம்பிக்கை எவ்வாறாயினும், வீட்டைப் பெரிதும் அடைத்து நிற்கும் படிகளை விரைந்து அகற்றுவதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டுவதில்லை.

இப்பாவைகள் தொடக்கத்தில் காத்து வைத்தற்கு உரியன அல்ல. பழங்காலத்தில் தாளாலான எளிய உருவங்களால் உடலைத் தடவி, தம் தீங்குகளை அவற்றின்மேல் ஏற்றி, ஆற்றில் விட்டுவிடுவர். தொத்தோரி மாவட்டத்து மோச்சிகாசே என்னும் ஊரில் தாட்பாவைகளை ஆற்றில் விடும் வழக்கம் இன்றும் உள்ளது. வாக்கயாமா நகரத்து அவாஷிமா கோயிலில், இல்லங்களிலிருந்து வந்த பாவைகளைப் படகில் ஏற்றிக் கடலில் விடும் வழக்கம் இருந்தது. 1603 முதல் 1868 வரை நிலவிய எடோ காலத்தில் பாவைகள் பட்டாடை பூண்டு விலையுயர்ந்தன. அவற்றின் உயரத்திற்கு அரசு வரம்பு விதித்த காலமும் உண்டு. அத்துணை விலையுள்ள பொருளை ஆற்றில் விட எவருக்கு மனம் வரும்? விட்டுவிடுதற்கு உரியதாயிருந்த பாவை இவ்வாறே வழிவழியாகப் பேணும் செல்வமாயிற்று.

பேணும் முறையையும் அறிதல் வேண்டும். பாவையின் தலையைப் பவுலோனியா என்னும் மரத்தின் தூளைப் பசையுடன் பிசைந்து அச்சில் இட்டுச் செய்வர். அதன்மேல் சிப்பி ஓட்டுப் பொடியும் விலங்குப் பசையும் கலந்த வெண்பூச்சைப் பல முறை பூசுவர். இப்பூச்சு ஈரத்திற்கும் விரல் அழுக்கிற்கும் ஆற்றாது. ஆதலின் முகத்தைக் கையால் தொடாமல் மெல்லிய தாளால் மூடி, ஈரமற்ற நாளில் பெட்டியில் வைப்பர். பவுலோனியா மரப்பெட்டியே இதற்குச் சிறந்தது.

விழா நாளிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. 1873ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு பழைய சந்திரமானப் பஞ்சாங்கத்தை விட்டு மேனாட்டு நாட்காட்டியை மேற்கொண்டது. பழைய கணக்கில் மூன்றாம் திங்கள் மூன்றாம் நாள் பீச்சு மரங்கள் பூக்கும் பருவத்தில் வரும். பீச்சுப்பூ விழா என்ற பெயரும் அதனால் வந்தது. இன்று மார்ச்சு 3இல் நாட்டின் பெரும்பகுதியில் அம்மரங்கள் பூப்பதில்லை. முன்கூட்டியே மலரச் செய்த கிளைகளைப் பூக்கடையில் வாங்குகின்றனர். ஜூலை 7ஆம் நாள் விண்மீன் விழாவோ மழைக்காலத்தில் அகப்பட்டுக்கொண்டது. மூங்கிற் கிளைகளில் விருப்பங்களை எழுதித் தொங்கவிடும் அவ்விழாவைச் சென்டாய் நகரத்தார் ஆகஸ்டு 6 முதல் 8 வரை கொண்டாடுவர். மே 5இல் வானில் பறக்கும் கெண்டைமீன் கொடிகளுக்கு இத்தகைய இடர் இல்லை. அவற்றுக்குக் காற்று வீசினாற் போதும்.

இத்தகைய எளிய பொருள்களின் அருமையை உணர்ந்தவருள் அமெரிக்கரான எட்வர்டு மோர்ஸ் ஒருவர். 1877ஆம் ஆண்டு அவர் ஜப்பானுக்குச் சென்றது, சிப்பி போன்ற ஓடுடைய கடலுயிர்களை ஆராய்தற்கே. நாடு விரைந்து மேனாட்டு முறைக்கு மாறுவதைக் கண்ட அவர், மக்களின் அன்றாடப் பொருள்களைத் தொகுக்கலானார். மரச்செருப்பு, கடைப்பலகை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றோடு கண்ணாடிக் குடுவையில் இட்ட மிட்டாயையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரக் காட்சிச்சாலையில் உள்ளன. நம் நாட்டுச் சேலம் வேறு.

பாவைகள் இரு நாட்டாரிடையே தூது சென்ற வரலாறும் ஒன்று உண்டு. 1924ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் அங்குக் குடியேறுவதைத் தடுத்தது. அதனால் எழுந்த கசப்பை மாற்ற விரும்பினார், ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த சிட்னி கியூலிக் என்னும் சமயப் பணியாளர். அவருடைய முயற்சியால் 1927ஆம் ஆண்டு ஹினா விழாவை முன்னிட்டு அமெரிக்கச் சிறார் ஏறத்தாழ 12,000 பொம்மைகளை அனுப்பினர். ஒவ்வொன்றிடமும் ஒரு கடவுச்சீட்டும் அனுப்பியோர் கடிதமும் இருந்தன. ஷிபுசாவா எயிச்சி என்னும் தொழிலதிபர் முன்னின்று வரவேற்க, நீலக்கண் பொம்மைகள் பள்ளிதோறும் சென்று சேர்ந்தன.

1941ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. பகைவர் பொம்மைகள் என்று அவற்றை எரித்தனர், உடைத்தனர். ஆசிரியர் சிலர் அஞ்சாது சிலவற்றை மறைத்து வைத்தனர். அவ்வாறு எஞ்சியவை இன்று ஏறத்தாழ முந்நூறு. அவற்றுட் சில கடிதத்துடனேயே கிடைத்தன.

அமெரிக்கச் சிறாரின் அன்பிற்கு ஈடாக ஜப்பானியப் பள்ளிச் சிறுமியர் ஆளுக்கொரு சென் காசு ஈந்தனர். சிறந்த கலைஞர்கள் செய்த 58 பெரும்பாவைகள் 1927ஆம் ஆண்டு இறுதியில் கப்பலேறின. மாவட்டத்தின் பெயரோ நகரத்தின் பெயரோ பூண்டு, தத்தம் சிறு தட்டுமுட்டுப் பொருள்களுடன் அவை அமெரிக்க நகரங்களில் வலம் வந்தன. பெட்டியிலிருந்து எடுப்பதும் மீண்டும் வைப்பதுமாய் இருந்த அப்பயணத்தில், பெயர் பொறித்த பீடம் ஒன்றாகவும் அதன்மேல் நின்ற பாவை வேறொன்றாகவும் மாறிப்போயின. ஒரு காட்சிச்சாலையில் ஒரு மாவட்டத்தின் பெயரால் நிற்கும் பாவை உண்மையில் மற்றொரு மாவட்டத்தினதாக இருத்தல் கூடும். உடையில் தீட்டிய குலச்சின்னத்தையும் பழைய நிழற்படங்களையும் ஒப்புநோக்கி, எது எவ்வூர்ப் பாவை என்பதை ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாகத் தேடிவருகின்றனர்.